தொப்பையைக் காணோம்

கதிர்காமம் போகும் பஸ்ஸில் எதிர் வரிசையில் இரண்டு பெண்கள். பென்சில் வைத்திருந்தவள் தோழியிடம், "அந்தாளு எறங்கிட்டா நான் செத்தேன்டி" என்றாள். அந்தாள் நான்தான். அவள் கண் என் மேலேயே இருந்தது.

"போட்டோ எடுத்துக்கயேன்."

"ஆன்லைன் டிராயிங் கிளாஸ்ல சாரு கண்டுபுடிச்சி மானத்த வாங்கிடுவாரு. நேர்ல பாத்து, ஒரே ஆள நாலு கட்டத்துல காமிக்ஸா வரையணும். சாயந்தரம் காட்டணும்."

"கட்டத்துக்குக் கட்டம் மொகம் மாறுதே?"

"தொப்பைய வச்சி அடையாளம் தெரிஞ்சிடும்."

நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

"ஐயோ, தொப்பையக் காணோம்டி!"

பயந்துபோய் மூச்சை விட்டுவிட்டேன்.

நெல்லித்தோப்பில் நான் இறங்க வேண்டும். எழுந்தேன். அவள் பென்சில் அப்படியே நின்றது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

கதிர்காமத்தில், "முடிச்சிட்டேன்" என்றாள்.

"கடைசிக் கட்டத்துல என்னடி?"

"எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டு முழிக்கிறாரு."