கண்ணாடித் துண்டில் எண்ணெய்

பிப்ரவரி மாதம். மாலை ஆறு தாண்டியிருக்கும். கரகண்டா நகரத்திலிருந்து பழைய சுரங்கங்கள் பக்கம் போகும் சாலையில் ஒரு வெள்ளை வேன் போயிற்று. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் வேறு வண்டி போகவில்லை. பனிப்புயல் இறங்கிவிட்டது... இன்று இறங்கியிருப்பது போலத்தான்.

ரயில் விடியும்வரை நகராது என்று நடத்துநர் சொல்லிவிட்டார். போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். சொல்கிறேன்.

என் தோழி சௌலேயின் நாத்தனாருக்கு நடந்தது இது. அவள் பெயர் குல்யாஷ். ஊருக்கு வெளியே ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை. நோயாளிகளின் ரத்தம், அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த சதைத் துணுக்கு எல்லாவற்றையும் சின்னக் குழாய்களில் அடைத்து அங்கே ஃப்ரீசர்களில் வைப்பார்கள். என்றைக்காவது ஒரு டாக்டருக்கு ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் என்று. ஆள் மண்ணுக்குள் போயிருப்பார்... அவருடைய துணுக்கு அங்கே இருக்கும். ஆயிரக்கணக்கில்.

பக்கத்து அறையில் ஒரு ஸ்கேனர். சதையை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுத்தால், அது ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து நுண்ணோக்கியில் தெரிவதைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றும். தூரத்து அல்மாட்டி நகரத்தில் இருக்கும் டாக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார். இரவெல்லாம் ஓடும். நின்றுபோனால் ஓட்டிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் குல்யாஷ்.

வேனில் போனது அவள் கணவர் கைரொல்லா. அதே இடத்தில் ஓட்டுநர். தூரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து குளிர்ப்பெட்டியில் துணுக்குகளைக் கொண்டுவருவார். இவள் வேலைக்கு வரும்போது அவர் வீட்டுக்குப் போவார், அவர் கிளம்பும்போது இவள் திரும்புவாள். ஒரே கட்டிலில் மாறி மாறித் தூங்கிய தம்பதி. அன்றைக்கும் வாசலில் நின்றபடியேதான் பேசிக்கொண்டார்கள்.

"போன தடவை மாதிரி வழியில தூங்கிடாதீங்க."

"தூங்க விட்டாத்தானே? போன் போட்டுப் போட்டு உயிர வாங்கிடுவியே!"

சிரித்துக்கொண்டே போனார். ஆனால் குல்யாஷ் போன் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மீட்புப் படைக்குப் பேசினாள். சாலையை மூடிவிட்டோம், காலையில்தான் பனி தள்ளும் வண்டி போகும் என்றார்கள். அவளை மாற்றிவிட வேண்டிய பெண்ணும் வரவில்லை. முந்தின இரவும் குல்யாஷ்தான் விழித்திருந்தாள். கட்டடத்தில் அவளும் வலேரி என்ற வயதான காவலாளியும் மட்டும்.

அன்று வியாழக்கிழமை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கு முந்தின மாலையே நம் வீடுகளில் எண்ணெய் காய்ந்துவிடும். ஏழு ரொட்டி பொரிக்க வேண்டும். ரொட்டி நமக்கு, அதன் வாசனை இறந்துபோனவர்களுக்கு. அம்மா இறந்ததிலிருந்து குல்யாஷ் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. தேநீர் அறையில் ஒரு சட்டி இருந்தது. மாவைப் பிசைந்தாள். கைக்கு ஏதாவது வேலை இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"ஏம்மா, புகை மணி அடிச்சா நான் பொறுப்பில்ல," என்றார் வலேரி.

"ஜன்னலக் கொஞ்சம் தொறங்கண்ணே."

"வெளியில எச்சில் துப்பினா கல்லா விழுது. இவளுக்கு ஜன்னல் தொறக்கணுமாம்!"

திறந்தார். ரொட்டிகள் உப்பி, சிவந்து, வெந்தன. குல்யாஷ் உள்ளங்கைகளை ஏந்தி ஓதினாள். முடிவில் யாருக்காக என்று சொல்ல வேண்டும் அல்லவா? அம்மாவுக்கு என்றாள். கண் சொருகியது. அலுப்பில் வாய் தானாக ஓடிற்று.

"அப்புறம்... இந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லாருக்கும்."

வலேரி மெல்லுவதை நிறுத்தினார். "எல்லாருக்குமா? என் கழுத்துக் கட்டிகூட உள்ளதான் இருக்கு."

"நீங்க உயிரோட இருக்கீங்க. உங்க பங்கைத் தின்னுட்டுப் போங்க."

வலேரி இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

பிறகு ஃப்ரீசர் அறைப் பக்கமிருந்து ஒரு சத்தம். கதவு திறக்கும் சத்தமில்லை. இயந்திரத்தின் இரைச்சலும் இல்லை. ஹ்ஹ்ஹ்... என்று, நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பது போல. இழுத்தார்கள். விடவே இல்லை. குல்யாஷ் போய்ப் பார்த்தாள். அங்கே போக இரண்டு கனத்த கதவுகளைத் தாண்ட வேண்டும். ஆனாலும் நடைவழி முழுக்கப் பொரித்த எண்ணெய் வாசனை.

அப்போது ஸ்கேனர் கத்தியது.

அப்போது அதில் ஓடிய தட்டில் அங்கே வேலை செய்கிறவர்களுடைய துண்டுகள்தான் இருந்தன. இயந்திரம் புதிதாக வந்தபோது சரியாகப் படம் எடுக்கிறதா என்று பார்க்க அவர்களிடமே வாங்கியவை. யாருக்கோ எடுத்த டான்சில், யாருக்கோ எடுத்த குடல்வால். பெயர்ச்சீட்டு ஒட்டியதே குல்யாஷ்தான். இயந்திரத்தைச் சோதிக்க அவற்றை அவ்வப்போது ஓட்டுவார்கள்.

நின்றுபோனது ரோஸா அக்காவுடையது. கணக்குப் பார்த்தவர். பித்தப்பை. அதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் இறந்துபோனார். திரையில் எல்லாம் மங்கல். கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்... நடுவில் ஒரு விரல் தடம். எண்ணெய்.

தன் கைதான் என்று நினைத்தாள். ஆனால் கையில் உறை இருந்தது. துடைத்து வைத்தாள். இயந்திரம் உள்ளே இழுத்தது. மறுபடியும் மங்கல். மறுபடியும் தடம்.

அடுத்தது வலேரியுடையது. ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. அதற்கடுத்தது ஹமீதுடையது. கைரொல்லாவுக்கு முன் வண்டி ஓட்டியவர், மாரடைப்பில் போனவர். மங்கல். அடுத்தது குல்யாஷுடையதே. பளிச்சென்று இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாசனைக்கு வந்தவர்கள் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. கைரொல்லாவின் முதுகிலிருந்து எடுத்த மரு.

நிறுத்தியிருக்கலாம். பொத்தான் பக்கத்தில்தான் இருந்தது. விரலை அதன்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. இயந்திரம் கண்ணாடியை இழுத்துக்கொண்டது. உள்ளே விளக்கு எரிந்தது. கிர்... கிர்... என்று மெல்ல நகர்ந்தது. படம் ஓரத்திலிருந்து வரத் தொடங்கியது. ஊதாப் புள்ளிகள். தெளிவு... தெளிவு... குல்யாஷ் மூச்சுவிட்டாள்.

நடுவுக்கு வந்ததும் மங்கிப்போனது.

பெருவிரல் தடம். குறுக்கே ஒரு கோடு. என்ஜின் மூடி அவர் விரலை நசுக்கிய தழும்பு அது. கல்யாணமான முதல் வருஷம் அவள்தான் மருந்து போட்டுக் கட்டினாள்.

அதை அவள் துடைக்கவில்லை. கண்ணாடியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மேசையில் தலை சாய்த்தாள். அழக்கூடத் தெம்பில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

வலேரியின் கூச்சல்தான் எழுப்பியது. "வந்துட்டாரும்மா, உன் ராஜா! எழுந்திரு!"

விடிந்திருந்தது. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வெள்ளை வேன். கைரொல்லா குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பனி தள்ளும் வண்டிக்காரன் வலேரியிடம் ஒரு சிகரெட் வாங்கினான். அதைப் பற்றவைக்காமலே பேசினான். வேனைப் பனி கூரைவரைக்கும் மூடியிருந்ததாம். என்ஜின் எப்போதோ செத்துவிட்டதாம். தோண்டிக் கதவைத் திறந்தால், இவர் கண் விழித்து, "தூங்கிட்டேன் போல" என்று சொல்லி, தானே வண்டியைக் கிளப்பினாராம்.

குல்யாஷ் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. ரொட்டி இருக்கு. சாப்பிடுங்க."

எடுத்தார். முகத்தருகே பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்... நீளமாக. பிறகு ரொட்டியை அப்படியே தட்டில் திருப்பி வைத்தார். ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை.

"வயிறு நிறைஞ்சிடுச்சு," என்றார்.

குல்யாஷ் கோட்டை மாட்டிக்கொண்டாள். "சரி, வாங்க. வீட்டுக்குப் போலாம்."

இதையெல்லாம் அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் சௌலேயிடம் சொன்னாள். சௌலே பதறிப்போய், "மௌல்வியக் கூப்பிட்டியா? டாக்டர்கிட்டயாவது காட்டினியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எதுக்குடி? வரமாட்டாருன்னு நெனச்சேன், வந்துட்டாரு. எப்படி வந்தீங்கன்னு கேட்டு, அவருக்கு ஞாபகம் வந்து... எழுந்து போயிட்டாருன்னா? எனக்குத் தெம்பில்லடி."

கைரொல்லா இன்னும் வண்டி ஓட்டுகிறார். நல்ல மனிதர், இப்போது முன்னைவிடச் சாந்தம். குல்யாஷ் ரொட்டி பொரிப்பது வெள்ளிக்கு மட்டும் என்றில்லை. தினமும் பொரிக்கிறாள், மூன்று வேளையும். ரொட்டியெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போகிறது.

போன ஜூன் மாதம் சௌலே அவர்கள் வீட்டுக்குப் போனாள். நல்ல வெயில், தார் இளகும் வெயில். கைரொல்லா பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். குல்யாஷ் பக்கத்தில் நின்று, குழந்தைக்குத் துடைப்பது போல ஒரு துண்டால் அவர் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தாள். வேர்வை என்று நினைத்து சௌலே கிட்டே போனாள்.

வேர்வை இல்லை. புருவத்தில் பனி. துடைக்கத் துடைக்க அப்படியே இருந்தது.

குல்யாஷ் திரும்பிப் பார்த்து, மெல்லச் சொன்னாளாம்: "பிப்ரவரியிலேருந்து துடைக்கிறேன்டி. உருக மாட்டேங்குது."