கண்ணுக்கு எட்டாத பச்சை

ஐம்பத்திரண்டு வயதிலும் ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண்ணாடி தேவையில்லை. அதனால் என் கண்மேல் பழி போட மாட்டேன், ஐயா.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. எங்களிடம் மரபணு மாற்றிய பாக்டீரியா உண்டு. தண்ணீரில் ஈயம் இருந்தால், நீல விளக்கின் கீழ் அது பச்சையாக ஒளிரும். ஈயம் குறைந்தால் ஒளியும் மங்கிவிடும். மனிதக் கண்ணுக்கு எட்டாது. இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கியவர்களுக்குச் சாம்பலாக ஏதோ தட்டுப்படலாம். மற்றபடி ஒளியை அளக்கும் மீட்டர்தான் சொல்லவேண்டும்.

நீங்கள் விசாரிக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவன் என் தம்பி. அங்கிருந்து பரிசோதனைக்கு மாதிரி வந்த அன்று காலையிலேயே போன் செய்தான்.

"அண்ணா, மூட்டுக்கெல்லாம் ஈயம் வச்சுப் பத்த வச்சுட்டோம். வெளிய தெரிஞ்சா என் பொழப்பே போயிடும்."

அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவன் நான். வெயிலிலிருந்து நேராக இருட்டறைக்குள் போனேன். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. உதவியாளர் பெண் அங்கே அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

"சார், மூணாவது ட்யூப்ல லேசா என்னமோ தெரியுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"மீட்டர்ல வச்சுப் பாத்துடலாமா சார்?"

"வேணாம். நான் பாத்துட்டேன்ல."

'ஒளிர்வு தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. மறுவாரம் அவளைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினேன். அங்கே வேலை குறைவு.

கையெழுத்திட்ட அன்று அவள் சாப்பிடப் போனதும் மூன்றாவது ட்யூபை நானே மீட்டரில் வைத்தேன் என்பதும் உண்மைதான். அனுமதித்த வரம்பைப்போல நான்கு மடங்கு ஈயம் காட்டியது. அழித்துவிட்டேன். படிவத்தில் கேட்டிருந்தது கண்ணால் கண்டதை மட்டும்தான்.

எட்டு மாதத்தில் பதினோரு பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்கிறீர்கள். ஒரு பையன் படித்த எழுத்தெல்லாம் மறந்துவிட்டானாம். நீங்கள் காட்டிய படத்தைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

என் மகளும் அங்கேதான் இரண்டாம் வகுப்பு. கையெழுத்திட்ட மறுநாளிலிருந்து தினமும் இரண்டு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரை நிரப்பி அவள் பையில் வைத்தேன்.

"ஸ்கூல்லயே தண்ணி இருக்கே, குழந்தை தோள்ல எதுக்குங்க இவ்ளோ சுமை?" என்று மனைவி கேட்டாள்.

"அங்க ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பு" என்றேன்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.