அக்காவின் இடது கட்டைவிரல்

கட்டைவிரல் மையைத் துடைக்க மண்ணெண்ணெயை மிஞ்சியது எதுவும் இல்லை. முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். கைநாட்டு வைத்த யாரையும் மைக்கையோடு நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. மற்ற எழுத்தர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். நனைத்த துணி எப்போதும் என் பையில் இருக்கும்.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் நானும் பொறுமையாகவே சொல்கிறேன், சார். அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அக்கா. அப்பா வீட்டை அவள் பேருக்கு எழுதிவைத்தார். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குப் பிறகு வீடு எனக்குத்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஊரார் சொத்தையெல்லாம் கைமாற்றிக் கொடுத்தவன் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

போன மாதம்தான் தெரிந்தது. பின்கட்டில் குடியிருக்கும் தையல்காரிக்கு அக்கா உயில் எழுதிவிட்டாள். அதுவும் வேறு எழுத்தரிடம்.

"முடியாம கெடந்தப்ப அவதான்டா பாத்துக்கிட்டா. உன்கிட்ட எழுதச் சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான் வெளிய போனேன்" என்றாள். வேறு எழுத்தர் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும். அதனால் என் பேருக்குப் புதிதாக ஒன்று எழுதினேன். நான் காட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் இரண்டு பேரைச் சாட்சியாக்கினேன். அக்கா அழகாகக் கையெழுத்துப் போடுவாள். இருந்தாலும் 'கை நடுக்கத்தால் கைநாட்டு வைக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தேன். ஆனால், சார், பேசிப் பார்க்கத்தான் போனேன்.

காலையில் போனபோது ஜன்னல் கம்பிக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். "டப்பாவ மிதிச்சிராதடா" என்றாள். கட்டிலில் உட்காரவைத்து, வழக்கம்போல் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"போடா பைத்தியம். காப்பி குடிக்கிறியா?"

தலையணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரொம்ப நேரம் ஆகவில்லை.

பெயிண்ட் இருந்தால் ரேகை தெளிவாக விழாது. இடது கட்டைவிரலை நன்றாகத் துடைத்தேன், மை தடவினேன், அழுத்தினேன். ரேகை அருமையாக விழுந்தது.

ஒன்பது விரலில் நீலம் இருக்க ஒரு விரல் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டீர்கள். ரேகை எடுத்ததும் அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் என்னை வளர்த்த அக்கா, சார். அந்த விரலை மையோடு விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.