முன்மொழிந்த தம்பி

– தள்ளி உக்காரு. கோர்ட்டுல இருக்கிறது ஒரே பெஞ்சு, சரி. அதுக்காக ஒட்டி உக்காரணும்னு சட்டமில்ல.

– நான் நின்னுக்கிறேன்க்கா.

– அக்கான்னு கூப்பிடாதே. வாய் கூசல? வார்டு எலெக்‌ஷனுக்கு என்னை முன்மொழிஞ்சு வேட்புமனுவில கையெழுத்துப் போட்டுட்டு, பரிசீலனை அன்னைக்கு அத்தனை பேர் முன்னால “இது என் கையெழுத்து இல்ல”ன்னியே, அப்ப எங்க போச்சு இந்த அக்கா?

– விடுக்கா. உள்ள கேப்பாங்க, சொல்லிக்கலாம்.

– எதை விடச் சொல்றே? மனு தள்ளுபடி. செங்கல் சூளைக்காரர் போட்டியே இல்லாம ஜெயிச்சு, என் கடை வாசல் வழியா நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போறார். அங்க திறந்து கிடக்கிற சாக்கடையைத் தாண்டும்போது மட்டும் செருப்பைக் கையில எடுத்துக்கிறார். அதை மூடணும்னுதானேடா நான் நின்னேன்?

– தெரியும்க்கா.

– துணி தைக்கக் குடுக்க வர்றவங்க முதல்ல என் மூஞ்சியைத்தான் அளவெடுக்கிறாங்க. “கூடப் பொறந்தவனே வேணாம்னுட்டானாமே”ங்கிறாங்க. தலை நிமிர முடியல. மெஷினைப் பார்த்துக் குனிஞ்சே பொழுது போகுது.

– எனக்கும் அப்படித்தான் போகுது.

– உனக்கென்ன குறைச்சல்? சூளைக்காரர் புது போர்டு எழுதக் கூப்பிட்டிருப்பாரே.

– சத்தியமா இல்லக்கா. அவர் கூப்பிடல, யாருமே கூப்பிடல. நான் விலை போயிட்டேன்னு நீதான் ஊர் பூரா சொல்லிட்டியே.

– சொன்னேன். இன்னும் சொல்வேன். என் கடை போர்டுல ஒவ்வொரு எழுத்தும் கச்சிதமா தைச்ச மாதிரி இருக்குன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசினேன். அதை எழுதின கைதானே என் கழுத்தையும் அறுத்துச்சு? ஏன் தலையைக் குனியிறே? இந்தா, டீ. என் வக்கீலம்மா உள்ள போறதுக்கு முன்னால ரெண்டா வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. நீ எதிர்த் தரப்புன்னு தெரியாம.

– வேணாம்க்கா.

– ஏன், விஷம் கலந்திருக்கேனா? என் கையால டீ கூட ஆகாதோ?

– ஐயோ, அப்படி இல்ல. கீழ வை. அப்புறம் எடுத்துக்கிறேன்.

– பிடிடா கையில!

– அம்மா…

– பார்த்து! மொத்தத்தையும் சட்டையில கொட்டிக்கிட்டியே. சுட்டுடுச்சா? காட்டு. என்னடா இது? கை ஏன் இப்படி ஆடுது?

– மெதுவாப் பேசுக்கா. ஆளுங்க பார்க்கிறாங்க.

– எப்பலேருந்து?

– எலெக்‌ஷனுக்கு முன்னாலேருந்தே. நரம்புன்னு சொன்னாரு டாக்டர். மாத்திரை முழுங்குறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா.

– எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? போர்டு எழுதுறவனுக்குக் கை நடுங்குதுன்னா அப்புறம் அவன்கிட்ட என்ன இருக்கு? அன்னைக்கு தேர்தல் அதிகாரி பேனாவை நீட்டி, “எங்க, இன்னொரு தரம் போட்டுக் காட்டு”ன்னாரு. சுத்தி நின்னதெல்லாம் எனக்கு வேலை குடுக்கிறவங்க. பேனாவைத் தொட்டா தெரிஞ்சுடும். என் கையெழுத்து இல்லன்னுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துட்டேன்.

– அடப் பாவி. இதுக்கா? நான் வேற வாய்க்கு வந்தபடி… சரி, கண்ணைத் தொடை. ஜட்ஜ்கிட்ட இதையே சொல்லு. கை நடுங்குது, வெக்கத்துல மறுத்துட்டேன்னு சொல்லு. கேஸ் நம்ம பக்கம் வந்துடும்டா. மறுபடி எலெக்‌ஷன் வைப்பாங்க.

– வராதுக்கா.

– ஏன் வராது?

– மனுவை எடுத்துக்கிட்டு நான் உள் ரூமுக்குப் போனேன், ஞாபகம் இருக்கா? நீ எங்க வீட்டு வாசப்படியில உக்காந்து எம்பொண்ணு கவுனுக்கு ஓரம் அடிச்சுக்கிட்டிருந்தே.

– ஆமா. போட்டுக் கொண்டாந்து குடுத்தே.

– போட்டது எம்பொண்டாட்டி. எனக்கு ஒரு கோடு நேரா வரல. உன் கடை போர்டும் அவ எழுதினதுதான். கதவைச் சாத்திக்கிட்டு அவ எழுதுவா, நான் தூக்கிட்டு வந்து மாட்டுவேன்.

– அப்ப… அன்னைக்கு நீ சொன்னது?

– பயத்துல சொன்னேன். ஆனா நிஜம்தான்க்கா.

– டேய், என் கண் முன்னால போட்டான்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்டா. “நேர்ல பார்த்தீங்களா”ன்னு வக்கீலம்மா திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. பார்த்தேன், பார்த்தேன்னேன். தண்ணிக் குழாயடியில நின்னுக்கிட்டு உன்னைப் பொய்யன்னு கத்தினேனே… உம்பொண்ணு குடத்தோட நின்னு கேட்டுக்கிட்டிருந்தாளே… சீ, எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கல.

– நேர்ல பார்த்தேன்னே உள்ளயும் சொல்லிடுக்கா. நானும் அது என் கையெழுத்துதான்னு சொல்லிடுறேன். போட்டுக் காட்டுன்னா கையைத் தூக்கிக் காட்டுறேன். எல்லாரும் பார்த்துக்கட்டும். உன் சாக்கடையையாவது மூடட்டும்.

– நீயாடா இதைச் சொல்றே?

– உனக்கு நான் வேற என்னக்கா செய்ய முடியும்?

– வேட்புமனு கேஸு! மனு போட்ட டெய்லரம்மா யாரு, நீங்களா? எந்திரிங்க, ஜட்ஜ் கூப்பிடுறாரு. சாட்சி சொல்ற தம்பியும் தயாரா இருக்கட்டும்.

– அவன் வர வேணாங்க. கேஸை வாபஸ் வாங்கணும்னா நான் எங்க கையெழுத்துப் போடணும்?