ஆர்டித் போல்மன் எழுதிய கடிதங்கள்

தொலைக்காட்சியைப் பார்த்து மக்கள் கோபப்படுவது நல்லதுதான் என்று நான் எப்போதும் சொல்வேன். கோபப்படுகிறார்கள் என்றால் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் நிலையத்துக்கு வரும் நேயர் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் பத்தொன்பது ஆண்டுகளாக என் மேசைக்குத்தான் வருகின்றன. வானிலை சொல்பவருடைய டையைத் திட்டி மூன்று பக்கம் எழுதுகிறவர்கள்கூட உண்டு. எல்லாவற்றையும் படித்து, யாருக்கு உரியதோ அவர் கடிதத் தட்டில் வைப்பது என் வேலை. சலித்துக்கொள்ளாமல் செய்துவந்தேன்.

நீங்கள் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். பூங்கொத்து விஷயமாக வந்தேன் என்றீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அந்த விவாதத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் விளங்காது.

கவர்னர் பதவிக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று மார்ச்சில் கட்சிக்குள் தேர்தல். அதற்கு முன், பிப்ரவரி முதல் வாரம், போட்டியிட்ட மூன்று பேரையும் விவாதத்துக்கு எங்கள் மேடையில் நிறுத்தினோம். நடத்தியவள் லெனோர் வாஸ்டர்லிங். எங்கள் மாலைச் செய்தியை அத்தனை ஆண்டுகளாக வாசித்தவள், வடக்கு இலினாய் மாநிலத்தில் அவள் முகம் தெரியாத வீடு கிடையாது. ஒரு பதிலுக்கு ஒன்றரை நிமிடம் என்று மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கிராமத்து மருத்துவமனைகள் மூடப்படுவதைப் பற்றிக் கேள்வி வந்தபோது மூவரில் ஒருவரான வாரன் ஸ்ட்ரூப் என்கிற விவசாயி, எழுதிவைத்ததை விட்டுவிட்டுத் தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மக்காச்சோளம் கொட்டிவைக்கும் இரும்புக் குதிருக்குள் விழுந்து புதைந்துபோன பையன். மருத்துவமனை ஐம்பது மைலுக்கு அப்பால். அதுவரை அவர் அதை வெளியில் சொன்னதே இல்லை. அவர் குரல் உடைந்த இடத்தில் மணி அடித்தது. லெனோர் ஒரு மூச்சு பொறுத்தாள். பிறகு, "நேரம் முடிஞ்சுது மிஸ்டர் ஸ்ட்ரூப், நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் வீட்டுவரியைப் பற்றிக் கேட்டாள். மற்ற இருவரையும் அதற்கு முன் அப்படித்தான் நிறுத்தியிருந்தாள். அவள் செய்ததில் தவறே இல்லை. இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

விவாதம் முடிவதற்குள் ஆறு தொலைபேசியும் அலறின. "புள்ளைய பறிகொடுத்தவன் பேசிட்டிருக்கான், அந்தம்மாவுக்கு வரி முக்கியமா?" என்று ஒருவர். "அவ என்ன பள்ளிக்கூட டீச்சரா, கையில பிரம்பு ஒண்ணுதான் பாக்கி" என்று ஒருவர். வழக்கமாக அந்த நேரத்தில் வரும் வினாடி வினா எங்கே போயிற்று என்று ஒரு கிழவர் என்னைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூன்று பேரில் யார் நல்லவர் என்று நான் கேட்டதற்கு, "பாக்கலயே, நான் கோபமா இருந்தேன்" என்றார்.

பாராட்டும் வந்தது. அதை ஒளிக்க மாட்டேன். ஒருவழியாக அரசியல்வாதிகளைக் கடிகாரத்துக்குக் கட்டுப்படவைத்த ஒருத்தி வந்தாள் என்று எழுதினார்கள். முதல் வாரத்தில் வந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

மறுநாள் காலை லெனோர் என் மேசைக்கு வந்தபோது தொலைபேசியில் திட்டியதை நான் எழுதிவைத்த கட்டு மேலே இருந்தது. வேறு காரணம் இல்லை. அவள் நின்றபடியே நான்கைந்து படித்தாள். பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தினமும் காலையில் அவளுக்குக் காபி கொண்டுபோய் வைப்பவன் நான். அவள் கணவர் காலமான வாரத்தில்கூட, "தேங்க்ஸ் ஆரின்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"ஆரின், நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரியாவா தெரிஞ்சேன்?"

"எனக்கு அப்படித் தெரியலயே" என்றேன்.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பாராட்டி வந்தவற்றையும் பிறகு வந்த பாராட்டுக் கடிதங்களையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பாராட்டு அவளுக்கு வேண்டியிருக்காது, அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை என்று எனக்குப்பட்டது.

அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். நான் திட்டுகளைக் கொடுப்பேன், அவள் படிப்பாள், நான் ஆறுதல் சொல்வேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இல்லை. ஆனால் ஜனங்களின் கோபம் பத்து நாள் தாங்காது. வேறெங்கோ வேறு யாரோ எதையோ உளறினார்கள், எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் தட்டு காலியானது. நாற்காலியும் காலியானது. லெனோர் தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். முகம் தெளிந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அதனால்தான் ஆர்டித் போல்மன் என்று இல்லாத ஒருத்தியை உண்டாக்கினேன். எழுபத்தெட்டு வயது, விதவை. ஸ்டாக்டன் ஊருக்கு மேற்கே ஹேக்கர் மேட்டுச் சாலையில் தனி வீடு. அவள் மகனும் குதிருக்குள் போனவன். அவள் பெயரில் லெனோருக்கு இடது கையால் ஒரு கடிதம் எழுதினேன், எழுத்து வயதானவர்களுடையது போலவே வந்தது. 'இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பிள்ளையைப் பற்றி என்னால் வாய்திறக்க முடியவில்லை. அந்த மனிதர் எனக்கும் சேர்த்துப் பேசினார். நீங்கள் என் வாயையும் அடைத்துவிட்டீர்கள்.' அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

லெனோருக்கு ஒரு பழக்கம் உண்டு. முகவரி போட்டு எழுதுகிற எல்லோருக்கும், ஆற்றுப்பாலம் படம் போட்ட நிலையத்து அட்டையில் தன் கையால் பதில் எழுதுவாள். தபாலில் சேர்ப்பது நான். ஆர்டித்துக்கு எழுதிய அட்டையை அவள் ஒரு உறைக்குள் போட்டு ஒட்டித் தந்தாள். அதற்கு முன் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை.

வீட்டுக்குப் போய்ப் பிரித்தேன். அந்த ஒன்றரை நிமிடத்தின் ஒளிப்பதிவைத் தினமும் போட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தாள். கணவர் சாகும்போது தான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாளாம், முடித்துவிட்டுத்தான் போனாளாம். 'நேரம் தவறக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாமல் போய்விட்டது' என்று முடித்திருந்தாள். நான் அழுதேன். பத்தொன்பது ஆண்டுகள் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு கிழவிக்கு எழுதுகிறாள் என்று வருத்தமாகவும் இருந்தது. ஆனாலும் அது என் கைக்குத்தானே வந்தது.

ஆர்டித் ஐந்து கடிதம் எழுதினாள். லெனோர் ஐந்துக்கும் பதில் போட்டாள். ஆர்டித் மன்னித்திருந்தால் எழுத்து நின்றுபோயிருக்கும், ஆகவே மன்னிக்கவில்லை. லெனோர் இளைத்துப்போனாள். செய்தியில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். தினமும் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஆர்டித்கிட்டேயிருந்து எதாவது வந்துச்சா?" என்றுதான் கேட்பாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை, அவளுக்குச் செய்தி இல்லாத நாள், மதியம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய 'ஆப்பிள் பை' பலகாரம், அவளே சுட்டது.

"இதுக்கு மேல எழுதிட்டிருக்க முடியாது ஆரின். நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்."

"பனிப்புயல் வருதுன்னு நம்ம வானிலை ஆளே சொல்லிட்டிருக்கான். அடுத்த வாரம் போயேன்" என்றேன்.

"எழுபத்தெட்டு வயசு. அடுத்த வாரம்னு நான் எத நம்பிச் சொல்றது? உனக்கு அந்தச் சாலை தெரியுமா?"

ஸ்டாக்டன் தாண்டி இடப்பக்கம் திரும்பவேண்டும் என்று சொன்னேன். சாலை இருப்பது உண்மைதான். போல்மன் வீடுதான் இல்லை. வீடு கிடைக்காமல் திரும்பிவிடுவாள், திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்வாள் என்று கணக்குப்போட்டேன். வண்டி கிளம்புகிறவரை ஜன்னலோரம் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால் அவள் திரும்ப அந்த நாற்காலிக்கு வந்திருப்பாளா?

மற்றது உங்களுக்கே தெரியும். கார் பள்ளத்தில் இறங்கியிருந்தது. அவள் அதை விட்டு இறங்கி நடந்திருக்கிறாள். பனி தள்ளும் வண்டிக்காரர் மறுநாள் காலை அரை மைல் தள்ளி அவளைப் பார்த்தார். வழியில் சாலையோரம் இருந்த மூன்று வீட்டுத் தபால் பெட்டிகளில் பெயர் தெரிகிற இடத்தில் மட்டும் பனி துடைத்திருந்ததாம். மூன்றாவதின் அடியில் உறைந்து கிடந்தாள். ஆப்பிள் பலகாரம் கோட்டுக்குள் இருந்தது, நனையாமல். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இந்தாருங்கள், இழுப்பறைச் சாவி. நூற்று நாற்பது கடிதங்களுக்கு மேல் இருக்கும். ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது வாரன் ஸ்ட்ரூப் எழுதியது. விவாதம் நடந்து மூன்றாம் நாளே வந்துவிட்டது. 'அந்த இடத்தில் நீங்கள் நிறுத்தியிருக்காவிட்டால் நான் மேடையிலேயே உடைந்துபோயிருப்பேன். என் மகனை வைத்து ஓட்டுக் கேட்டவன் ஆகாமல் காப்பாற்றினீர்கள். என் மனைவியும் நன்றி சொல்லச் சொன்னாள்.' நல்ல மனிதர். அதை லெனோரிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் அடக்கத்துக்கு வந்த பூங்கொத்து நான் அனுப்பியதுதான். ஆர்டித் போல்மன் என்ற பெயரைக் கடைக்காரர் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் என்னை அடையாளம் சொன்னதால்தான் கண்டுபிடித்தோம் என்றீர்கள். தெரிந்தேதான் செய்தேன். அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. அவளைத் திட்டியவர்களும் வரிசையில் நின்று அழுதார்கள். அந்தப் பூவோடு இருந்த அட்டையில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன், இடது கையால்: 'உங்களை மன்னித்துவிட்டேன்.'

அவள் அத்தனை கடிதத்திலும் கேட்டது அது ஒன்றைத்தான். மன்னிக்காமல் அவளை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.