அம்மா டிரைவுக்கு மட்டும் வேறு கேபிள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்க்ரூக்களை அளவு பார்த்துத் தனித்தனி டப்பாவில் போட்டிருக்கிறீர்கள். ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஒழுங்கு கிடையாது. எரிந்துபோன ஹார்ட் டிரைவிலிருந்து தகவலை மீட்டுத் தரும் கடை என்றால் பழைய இரும்புக்கடை மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போன வாரம் உங்கள் படியேறினேன். தப்பாக நினைத்துவிட்டேன்.

இன்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சார், மறைக்காம சொல்லுங்க, இது எப்படி எரிஞ்சுது?" வேறு யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். நீங்கள் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். விஷயம் தெரிந்தவரிடம் மறைப்பது எனக்கே கேவலம். அதனால் சொல்கிறேன்.

நான் இருபத்திரண்டு வருடமாக ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயரே 'சிஸ்டம் மாமா'. யார் வீட்டில் போன் நின்றாலும், பிரிண்டர் பேப்பரை மென்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். அவர்கள் அறிவு அவ்வளவுதான். என் தங்கையின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, தையல்கடை வைத்திருக்கிறார். மனுஷனுக்குப் பொத்தான் தைக்கத் தெரியும், பொத்தானை அழுத்தத் தெரியாது. ஒருமுறை மானிட்டரை அணைத்துவிட்டு, "மச்சான், கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்று என்னை ஒன்பது கிலோமீட்டர் வரவழைத்தவர். நான் போய் மானிட்டரைப் போட்டுவிட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் காலம் தள்ளுகிறேன்.

என் தங்கை மட்டும் வேறு மாதிரி. "எங்க அண்ணன் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாள். அதற்கு முன் எட்டு மாதம் படுக்கை.

அந்த எட்டு மாதமும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? மகளோடு சேர்ந்து கேம் விளையாடினாள். நாற்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை, மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்துகொண்டு, திரையில் வாளைத் தூக்கிக்கொண்டு குகை குகையாக ஓடினாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தக் கூத்துதான். "அடியே, பின்னாடி வர்றான்டி, திரும்புடி எருமை!" என்று கத்துவாள். மகளும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் அதையெல்லாம் பதிவு செய்துவைத்தாள். படம் அந்த விளையாட்டு. குரல் என் தங்கை. நூற்று நாற்பது மணிநேரம். இதோ உங்கள் மேசையில் இருக்கிறதே, இந்த டிரைவில்தான்.

அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தால் பழைய கம்ப்யூட்டரில் ஓடாது என்று என் தங்கை தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். "நீயே ஒண்ணு கட்டுடி, அதுல பாப்போம்" என்றாளாம். இரண்டாம் பாகம் இந்த வருடம் வந்தது. மகள் கட்ட ஆரம்பித்தாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முளைத்து மூன்று இலை விடவில்லை. கல்லூரியில் முதல் வருடம். ஸ்க்ரூடிரைவரைக் கரண்டி பிடிப்பது போலப் பிடிப்பாள். அந்தக் கழுதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் சிஸ்டம் மாமா என்று ஒருவன் மலை மாதிரி இருக்கிறான். அவள் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிவைத்துக்கொண்டு, யார் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்து எழுதினாள். பிராசசர் ஒரு பக்கம், மதர்போர்டு ஒரு பக்கம், எது எதோடு சேரும், எது சேராது என்று அம்புக்குறி. கிராபிக்ஸ் கார்டு கேபினட் பெட்டிக்குள் அடங்குமா என்று பார்க்க, அதே அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே போயிருக்கிறாள். ஷோரூமில் ஒவ்வொரு கேபினட்டாகத் திறந்து அந்த அட்டையை உள்ளே வைத்துப் பார்த்தாளாம். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு மற்ற வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார் என்று அவள் அப்பா என்னிடம் பெருமையடித்தார். தையல்காரர் மகள், அளவெடுக்காமல் இருப்பாளா என்றேன். அவருக்கு அது பாராட்டாகவே கேட்டது.

சரி, சின்னப்பிள்ளை, நாமே போய்ச் சொல்லிக்கொடுப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கிப் போனேன். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தார்கள். என் மனைவி, மாப்பிள்ளை, அவருடைய அண்ணன், அண்ணி. நான் ஒரு பிராசசர் பெயரும் ஒரு மதர்போர்டு பெயரும் சொல்லி, இதைத்தவிர வேறு யோசனையே வேண்டாம் என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தாள்.

"மாமா, அந்த சிப்பு அந்த போர்டுல உக்காராது. சாக்கெட் மாறி மூணு வருஷம் ஆச்சே."

திமிராகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி சொல்வது போல, பணிவாகச் சொன்னாள். போனில் தேடிப் படத்தையும் காட்டினாள். அவள் சொன்னது சரி. மாப்பிள்ளையின் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விடுங்க, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். பொத்தான் தைக்கிறவர் கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். மோரை ஊற்றிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் ஒரு மேசையில், ஒரு வாய் சோற்றுக்குள் போய்விட்டது.

நான் கோபக்காரன் இல்லை. அடுத்த பத்து நாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன், வந்தேன். பிறகு அவளே போன் செய்தாள். பாகங்களெல்லாம் வந்துவிட்டன, மாட்டியும் ஆகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல்.

"மாமா, அம்மா டிரைவ் கீழ் அடுக்குல இருக்கு. பவர் சப்ளையோட வந்த கேபிள் அதுக்கு எட்ட மாட்டேங்குது. உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமா?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தக் காலத்துப் பவர் சப்ளையில் கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொரு கம்பெனியின் பெட்டியில் சிக்கென்று உட்காரும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போகும். சுவிட்சைப் போட்ட நொடியில் அந்தப் பக்கம் இருப்பது கருகும். எங்கள் தொழிலில் முதல் வருடமே இதைச் சுட்டுத்தான் கற்றுக்கொள்வோம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அப்படி மிஞ்சிய கேபிள் ஒன்று என் அலுவலக டிராயரில், சிவப்பு டேப் சுற்றிக் கிடந்தது. சிவப்பு டேப்புக்கு அர்த்தம், எவனும் தொடாதே.

டேப்பைப் பிரித்தேன். பசையைத் துணியால் துடைத்தேன்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பெயர் எதுவும் கிடையாது.

"இது அதே கம்பெனிதானா மாமா? மாத்திப் போட்டா எரிஞ்சிடும்னு படிச்சேன்."

பாருங்கள், அதையும் படித்துவைத்திருக்கிறாள். "அதேதான்மா" என்றேன். "மாமா பொய் சொல்வேனா?" அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நோட்டில் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தவள், இதை மட்டும் சரிபார்க்கவில்லை. என் தங்கை வளர்ப்பு.

நான் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். "புது டிரைவுக்குக் கம்பெனி கேபிளையே போடு, அம்மா டிரைவுக்கு மட்டும் இதைப் போடு" என்று நானே சொன்னேன். அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய பொருளில் ஒன்றுக்கும் ஒரு கீறல் விழவில்லை. அதையும் கவனித்துத்தான் செய்தேன். அதற்கு முன் இன்னொன்றும் கேட்டேன்.

"இதுல இருக்கிறது வேற எங்கயாவது காப்பி இருக்காம்மா?"

"இல்ல மாமா. பழைய மெஷின்ல காப்பி பாதியிலயே நின்னுடுது. இதுல போட்டதும் முதல் வேலை அதுதான்."

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மாட்டச் சொன்னேன்.

சுவிட்சை அவளே போட்டாள். விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, திரையும் வந்தது. முதல் முயற்சியிலேயே. கைதட்டிக் குதித்தாள், என் கையைக்கூடப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். அவள் அப்பா அடுத்த அறையிலிருந்து, "என்னம்மா ஏதோ தீயுது?" என்றார். அவள் மண்டியிட்டுக் கீழ் அடுக்கைப் பார்த்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

"கனெக்டரைக் கோணலா சொருகிட்டாப்பா" என்று மாப்பிள்ளையிடம் நான்தான் சொன்னேன். "கை நடுங்கியிருக்கும். பாவம், சின்னப்பிள்ளைதானே." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேபிளை நான் என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவள் இப்போது அந்த மெஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவைத்திருக்கிறாள். தொடுவதில்லை. கல்லூரிக்குச் சரியாகப் போவதில்லை. "அம்மாவை நானே கொன்னுட்டேன் மாமா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டாள். போன வாரம் போனுக்கு எந்த சார்ஜர் வாங்குவது என்று என்னைக் கேட்டாள். அத்தனை படிப்பு படித்தவள், ஒரு சார்ஜருக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இப்போதாவது தெரிந்துகொண்டாளே, அது அவள் எதிர்காலத்துக்கு நல்லது.

டிரைவை உங்களிடம் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் பிடிவாதம். என்னைத்தான் அனுப்பினார், வேறு யாரை அனுப்புவார்? மேலே இருக்கிற சர்க்யூட் மட்டும்தான் கருகியிருக்கிறது, உள்ளே தகவல் பதிந்திருக்கிற தட்டு பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கெட்டிக்காரர் நீங்கள். சர்க்யூட்டை மாற்றி, ஓடவைத்து, எல்லாம் கிடைத்துவிட்டது என்று இன்று என்னை வரச்சொன்னீர்கள். சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பதிவைப் போட்டும் காட்டினீர்கள்.

என் தங்கைதான். முதல் இருமலிலேயே தெரிந்துவிட்டது. ஏதோ பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். மகள், "மாமாகிட்ட கேட்டு நல்ல மெஷினா வாங்கலாமாம்மா?" என்றாள். என் தங்கை சிரித்தாள். நீங்களும் கேட்டீர்கள். "ஐயோ, உங்க மாமாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுடி. நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ. ஆனா அவர்கிட்ட சொல்லிடாத, பாவம். அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

அப்போது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. உங்கள் படிவத்தில் 'மீட்க முடியவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட்டுவிட்டு, எடுத்ததை அழித்துவிடுங்கள். நான் யாருடைய அம்மாவையும் அழிக்கச் சொல்லவில்லை. என் தங்கையை நாற்பத்தொரு வருடமாக எனக்குத் தெரியும், அவள் அண்ணனைப் பற்றி அப்படிப் பேசவே மாட்டாள். இப்போது யோசித்துப் பார்த்தால், அது அவள் குரலே இல்லை.