கற்பூரம் கொளுத்தாத வண்டி

— கற்பூரத்தக் கீழ வை. நெருப்புப் பொட்டியையும் வை.

— இன்னா வேணி, ட்ரங்குப் பொட்டிய எடுத்துக்கினு போவ வந்தவ, வந்ததும் வராததுமா புருசன அதட்டுற? வேல முடிஞ்ச வண்டிக்குக் கற்பூரம் காட்டாம இந்தச் சக்கரபாணி தன் ஷெட்டுலேருந்து வெளிய வுட்டதே கெடையாது.

— உன் ஷெட்டு சட்டத்த அப்புறம் சொல்லு. குச்சியக் கிழிக்காத. வண்டிக்குள்ள ஏதோ நாறுது.

— வெள்ளக்காரன் வண்டி. உள்ளயே படுத்து, உள்ளயே சமச்சி, சீமையிலேருந்து ரோட்டு வழியாவே ஓட்டிக்கினு வந்திருக்கான். நாறாம, சந்தனமா மணக்கும்?

— அழுவிப்போன கோசு மாதிரி நாறுதுய்யா. உனக்குத் தெரியல?

— ஒலக்கூர் திருப்பத்துல புளியமரத்துல முட்டிக்கினான் இல்ல? அன்னிக்குப் பாலும் கஞ்சியும் அடுப்பு மேல கொட்டிக் கருகிக் கெடந்திச்சி. புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். பர்னர் ஓட்டைய ஒண்ணொண்ணா ஸ்டவ் பின்னு வெச்சிக் குத்தி எடுத்தேன். அந்த வாடையா இருக்கும்.

— தேச்சது பளிச்சுனு இருக்குது, இல்லேங்கல. ஆனா இது சீமெண்ணெய் ஸ்டவ் இல்லியே. அந்த இரும்பு உருளையில இன்னா?

— கேஸு. அதத் தொறந்தா ரப்பர் குழாய் வழியா அடுப்புக்கு வரும். இப்பக்கூட தொறந்துதான் வெச்சிருக்கேன். ஒவ்வொரு மூட்டுலயும் சோப்பு நொரை தடவிப் பாத்துட்டேன். ஒழுகினா குமிழி கெளம்பும். ஒண்ணும் கெளம்பல. ஆச்சா? தள்ளு, ஜல்தி. மேல்சித்தாமூர் கோயில் பாக்கப் போன வெள்ளக்காரங்க பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவாங்க. வந்ததும் கொழந்தைக்குப் பால் காய்ச்சணும்.

— கொழந்தையா?

— கைக்கொழந்த. இன்னா அதுக்கு?

— எறங்கு. மெய்யாலுமே சொல்றேன், எறங்குய்யா! நிமுந்தா நாத்தம் கொறையுது, குனிஞ்சா மூக்கத் தொளைக்குது. தரையோட தரையா நின்னுக்கினு இருக்குது.

— கேஸு கனம். கீழதான் தங்கும்...

— தெரிஞ்சே கற்பூரத்தக் கையில எடுத்தியா? மொதல்ல உருளைய மூடு. நான் ரெண்டு கதவையும் தொறந்து வுடறேன்.

— மூடிட்டேன். பேஜாரு உன்னோட.

— இரு. காத்து நல்லா உள்ள பூந்து போவட்டும்... இப்ப வா. குழாய் எங்கெங்க போவுது, காட்டு. இந்த அலமாரி பின்னால?

— அங்கதான் கொஞ்சம் நசுங்கிக் கீறல் வுட்டிருந்திச்சி. பார் சோப்ப அழுத்தித் தேச்சி அடச்சிட்டேன். லாரி டேங்கு ஓட்டைக்கு அதத்தான வெக்கிறோம்? டீசல் சொட்டாம மெட்ராஸ் போய்ச் சேருது.

— டேங்கு மேல பாலா காய்ச்சறாங்க? சூடு பட்டா சோப்பு காஞ்சி வெடிக்காதா? தொட்டுப் பாரு, இப்பவே உதுருது.

— ...ஆமா.

— இந்த எடத்துல நொரை தடவிப் பாத்தியா?

— அடச்ச எடந்தானன்னு வுட்டுட்டேன்.

— நல்லா வுட்ட.

— சரி, தப்புதான். குழாயக் கழட்டிடறேன். புதுசு வர்ற வரைக்கும் அடுப்பத் தொடக்கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன். போதுமா?

— போதாது. வாசல்ல நின்ன எனக்கு அடிச்ச நாத்தம், உள்ள உக்காந்திருந்த உனக்கு எப்டி அடிக்காமப் போச்சி?

— சளி.

— இந்த வெய்யில்லயா? கண்ண மூடு. மூடுய்யா. இத மோந்து சொல்லு, இன்னா துணி?

— ஈரத்துணி.

— சீமெண்ணெய்ல முக்கின துணி!

— போன வருசம் பேட்டரி வெடிச்சி மூஞ்சில ஆசிட்டு அடிச்சிதே. கண்ணு தப்பிச்சிது. மூக்கு செத்துப் போச்சி.

— அப்ப, அன்னிக்கு வெளக்கு வெச்ச நேரத்துல...

— எத்தச் சொல்ற?

— தெரியாத மாதிரி கேக்காத. ஸ்டவ் ஒழுவி நம்ம புள்ள பாயெல்லாம் சீமெண்ணெய். தலமாட்டுல சிம்னி வெளக்கு எரியுது. நீ பக்கத்துல குந்திக்கினு காபரேட்டர் தொடச்சிக்கினு இருந்த. குடிச்சிருக்கியான்னு கேட்டேன். ஆமான்னு சொன்னியே!

— சொன்னேன்.

— குடிச்சிருந்தியா?

— இல்ல.

— அடப்பாவி. பின்ன இன்னாத்துக்குச் சொன்ன?

— குடிகாரன்கிட்ட வண்டி வுடுவாங்க, வேணி. பெட்ரோல் ஒழுகினா மோப்பம் தெரியாதவன்கிட்ட திண்டிவனத்துல எவன் வுடுவான்? கோவத்துல நீ ஒரு வார்த்த வுட்டா விழுப்புரம் வரைக்கும் இதே பேச்சாப் போயிடும்.

— அதுக்கோசரம் என்னையும் புள்ளையையும் எங்கம்மா வூட்டுல வுட்டுட்டுக் கெடந்த.

— நீயாதான் போன.

— வாய மூடு.

— பொட்டி கட்டிலு கீழ இருக்குது. எடுத்துக்கினு கெளம்பு, பஸ்ஸு போயிடும். நான் மிச்ச எடத்த இன்னொரு தபா பாத்துக்கறேன்.

— எத வெச்சிப் பாப்ப? பொட்டி கெடக்கட்டும், தள்ளு. நீ ஸ்பேனர் வெச்ச எடத்துல எல்லாம் இனிமே நான் மூக்க வெக்கிறேன்.